கால் சுத்து

ஜீவராஜ்: ...கிரகரி வாவிக்குப் போயிருந்தா போட்டுலயாவது ஒரு சுத்து சுத்தியிருக்கலாம்.

ஜெயந்தினி: சுத்தியிருக்கலாம்.

ஜீவராஜ்: சூடா நாலு வடை தின்னிருக்கலாம்.

ஜெயந்தினி: தின்னிருக்கலாம். இங்க நூத்திப் பதினெட்டுப் படி எறங்கணும். பாத்து வாங்க, பாசி புடிச்சிருக்கு.

ஜீவராஜ்: நூத்திப் பதினெட்டா? எண்ணியே வச்சிருக்கீங்களா?

ஜெயந்தினி: சின்னதுல எறங்கியிருக்கேன். அப்ப இந்தக் கம்பி வேலியெல்லாம் இல்ல.

ஜீவராஜ்: எங்க அக்கா பஸ்ஸ விட்டு எறங்கினதுல இருந்து ஒரே கேள்வி. பொண்ணு பாக்குற எடமாடா இது, மெஷின் பாக்குற எடத்துல எப்பிடிடா பொண்ணப் பாப்பேன்னு.

ஜெயந்தினி: எங்க பூரணி அத்தையும் அதையேதான் கேட்டாங்க. நான்தான் இங்கதான்னு நின்னேன். கோயில்ல வச்சுப் பாத்தா சாமியப் பாக்கணும். ஹோட்டல்ல பாத்தா சாப்பாட்டப் பாக்கணும்.

ஜீவராஜ்: இங்க?

ஜெயந்தினி: இங்க படியப் பாக்கணும். காலப் பாத்து வைங்க.

ஜீவராஜ்: ரெண்டு பேரும் முழங்கால் வலின்னு மேல கேன்டீன்ல உக்காந்துட்டாங்க. எங்க அக்காவுக்கு வலி நெசந்தான். ஆனா இன்னைக்கு கொஞ்சம் கூட.

ஜெயந்தினி: அத்தைக்கு நேத்து வரைக்கும் வலியே இல்ல.

ஜீவராஜ்: பிளேன்டீ ரெண்டு முடியிறதுக்குள்ள வந்து பதில் சொல்லணும்னு அக்கா சொல்லி விட்டிருக்கு.

ஜெயந்தினி: எனக்கும் அதேதான் உத்தரவு. ஆமாவா இல்லையான்னு. முப்பத்தெட்டு வயசுல இனி யோசிக்க என்ன இருக்குன்னு கேட்டாங்க.

ஜீவராஜ்: எனக்கு நாப்பத்திரெண்டு. எனக்கு யோசிக்கவே நேரம் குடுக்கல.

ஜெயந்தினி: நீங்க இந்தப் பக்கம் வந்துட்டீங்க.

ஜீவராஜ்: எந்தப் பக்கம்?

ஜெயந்தினி: நான் பாசிக்கு ஒதுங்கினதுல நீங்க எனக்கு வலது பக்கம் ஆனீங்க. உடனே சுத்தி இடது பக்கம் வந்துட்டீங்க. மூணாவது தடவ மாறுறீங்க. படி அகலமாத்தான் இருக்கு.

ஜீவராஜ்: அந்தப் பக்கம் வழுக்குது.

ஜெயந்தினி: ரெண்டு பக்கமும்தான் வழுக்குது.

ஜீவராஜ்: ...அந்தப் பக்கம் கொஞ்சம் கூட.

ஜெயந்தினி: உங்க அக்கா முழங்கால் மாதிரி.

ஜீவராஜ்: பிள்ளைக் காம்பரா டீச்சர்னாங்க. சின்னப் புள்ளைங்கள இப்பிடித்தான் மடக்குவீங்களா?

ஜெயந்தினி: புள்ளைங்க மாட்டிக்கிட்டா சிரிச்சிரும். நீங்க படிய எண்ணுறீங்க.

ஜீவராஜ்: இருவத்தி மூணு.

ஜெயந்தினி: உங்களப் பத்தி அத்தை சொன்னாங்க. லிந்துலையில கடை. ரைஸ் குக்கர், ஃபேன், அயன் பொட்டி எல்லாம் திருத்துவீங்களாம்.

ஜீவராஜ்: திருந்துறத திருத்துவேன். மத்தத வித்துருவேன்.

ஜெயந்தினி: அதுக்கு முன்ன?

ஜீவராஜ்: முன்னன்னா?

ஜெயந்தினி: கடை போடுறதுக்கு முன்ன.

ஜீவராஜ்: சும்மா... அங்க இங்க வேலை. தங்கச்சிங்க ரெண்டு பேரக் கட்டிக் குடுக்கிற வரைக்கும் என்ன கெடச்சாலும் செஞ்சேன். உங்க வீட்டுல?

ஜெயந்தினி: அண்ணன் இருக்காரு, யோகேஸ்வரன். கொழும்புல. அம்மா போயி ஒம்பது வருஷமாச்சு.

ஜீவராஜ்: அப்பா அண்ணன்கிட்ட இருக்கார்னு சொன்னாங்க.

ஜெயந்தினி: ...ம்.

ஜீவராஜ்: கொழும்பு ஒத்துக்குதா அவருக்கு? குளிர்லயே இருந்த மனுசன்.

ஜெயந்தினி: நீங்க எம் மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கிறீங்க.

ஜீவராஜ்: பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

ஜெயந்தினி: இல்ல. வாயத்தான் பாக்குறீங்க. ஏதும் ஒட்டிக்கிட்டிருக்கா?

ஜீவராஜ்: ஐயோ, இல்ல. அது... ஆத்துச் சத்தம் பெரிசா இருக்குல்ல. அதான்.

ஜெயந்தினி: பெரிசாத்தான் இருக்கு. வாங்க, டிக்கட் எடுக்கிற எடம் அந்தா.

ரூபிகா: வாங்க சேர், வாங்க மிஸ். ரெண்டு பேரா? உள்ளுக்குப் போறப்ப தலை பத்திரம், கதவு தாழ்வு. நான் ரூபிகா, நான்தான் சுத்திக் காட்டுவேன். தமிழா, சிங்களமா?

ஜீவராஜ்: தமிழ்ல சொல்லுங்க. மெல்லச் சொன்னாலும் போதும்.

ரூபிகா: மெல்லச் சொன்னா கேக்காது சேர், பக்கத்துல அருவி. இது ஊசிக்கலைத் தோட்டத்துப் பழைய பவர் ஹவுஸ். வெள்ளக்காரன் காலத்துல கட்டினது. மேல மலையில ஒரு சின்னக் குளம் இருக்கு, அங்க இருந்து இந்தப் பைப்புல தண்ணி எறங்கி வந்து சக்கரத்த அடிக்கும். சக்கரம் சுத்தினா பக்கத்துல இருக்கிற இது சுத்தும். அதுல இருந்து கரண்டு. பதினெட்டு வருஷம் பூட்டிக் கெடந்து, இப்ப நூதனசாலையாக்கி இருக்காங்க. இந்த மின்சாரத்தால தோட்டம் முழுக்க ஒளி பெற்றது.

ஜெயந்தினி: தோட்டம் முழுக்கவா?

ரூபிகா: போர்டுல அப்பிடித்தான் போட்டிருக்கு மிஸ்.

ஜெயந்தினி: தேயிலை ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும்தான் தங்கச்சி வந்திச்சு. எங்க லயத்து வீடுகளுக்கு மேலால கம்பி போச்சு. கீழ நாங்க மண்ணெண்ண லாம்புல படிச்சோம். காத்தடிச்சா கம்பி ஊங்குன்னு ஒரு சத்தம் போடும். அது மட்டும் எங்களுக்கு ஃப்ரீ.

ரூபிகா: மிஸ் இந்தத் தோட்டமா?

ஜெயந்தினி: அப்ப. இப்ப அக்கரப்பத்தனைப் பக்கம்.

ஜீவராஜ்: இது எத்தனை கிலோவாட்?

ரூபிகா: அது... எழுதி வச்சிருக்கேன் சேர், இருங்க...

ஜீவராஜ்: பரவாயில்ல, பரவாயில்ல. சின்னப் பொண்ண நாமளே மடக்கக் கூடாது. டீச்சர் மாதிரி ஆயிருவேன்.

ஜெயந்தினி: கேட்டுச்சு.

ரூபிகா: இந்தா, இதுதான் தண்ணி தொறக்கிற சக்கரம். இரும்பு. இருவத்தெட்டுக் கிலோ. இதுல நாலு எடத்துல செவப்பா ஒரு புள்ளி தெரியுதா? இது வெள்ளக்கார எஞ்சினியர்மார் வச்ச அளவுக் குறின்னு போட்டிருக்கு. என்னத்துக்குன்னு தெரியாது.

ஜீவராஜ்: என்னாங்க, சிரிக்கிறீங்க?

ஜெயந்தினி: ஒன்னுமில்ல.

ஜீவராஜ்: ஒன்னுமில்லாததுக்கு இவ்வளவு சிரிப்பா?

ஜெயந்தினி: அது கியூடெக்ஸ்.

ரூபிகா: என்னா மிஸ்?

ஜெயந்தினி: நகத்துக்குப் பூசுற கியூடெக்ஸ். எனக்கு ஒம்பது வயசுல தீவாளிக்கு அப்பா வாங்கிக் குடுத்தாரு. ரெண்டே நாள்ல போத்தல் காலி. நான் அழுதேன். அம்மா ஏசினாங்க. எங்க அப்பா இந்தச் சக்கரத்துக்கு நாலு பொட்டு வச்சிட்டு வந்து ஒன்னும் தெரியாத மாதிரி சோறு தின்னாரு.

ரூபிகா: உங்க அப்பா இங்கயா வேலை செஞ்சாரு?

ஜெயந்தினி: இருவத்தாறு வருஷம். வீரய்யா. பெயின்ட் கேட்டு மேலதிகாரி கண்டாக்கையாகிட்ட அலைஞ்சு பாத்தாரு, குடுக்கல. அதான் மக போத்தல்ல கை வச்சிட்டாரு.

ஜீவராஜ்: அளவு என்னத்துக்கு?

ஜெயந்தினி: ஒரேயடியாத் தொறக்கக் கூடாது. மேல இருந்து வாற தண்ணி சும்மா வராது, பைப்ப ஒடச்சிரும். கால் சுத்து சுத்தணும். நிறுத்தணும். பைப்புல கை வச்சுப் பாக்கணும், நடுக்கம் அடங்கிருச்சான்னு. அப்புறம் இன்னொரு கால் சுத்து. பொட்டுக்குப் பொட்டு. மூடுறப்பவும் அப்பிடித்தான்.

ரூபிகா: ஐயோ, எங்களுக்கு இத யாரும் சொல்லித் தரல மிஸ். நான் அவசரத்துல ஒரேயடியா...

ஜெயந்தினி: இப்ப தண்ணி கொறைவு, பயப்படாதீங்க. அந்தா, மூலையில அந்தக் கல்லு இருக்குல்ல...

ரூபிகா: அது என்னா கல்லுன்னு தெரியல மிஸ். அளவெடுக்க வந்தவங்க தூக்கிப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல.

ஜீவராஜ்: ரோதை முனி. மெஷினுக்குக் காவல் சாமி.

ஜெயந்தினி: ...உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ஜீவராஜ்: எல்லா ஸ்டோருலயும் இருக்குமே. மெஷின் ஓடுற எடத்துல எல்லாம். சூடம் கொளுத்தாம பெல்ட்டு மேல கை வைக்க மாட்டோம்... வைக்க மாட்டாங்க.

ஜெயந்தினி: வைக்க மாட்டாங்க. ஆமா.

ரூபிகா: மிஸ், உங்க அப்பாவ ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன். இங்க வேலை செஞ்ச ஒருத்தராவது கெடைப்பாங்களான்னு ஒரு வருஷமாத் தேடுறோம். உக்கார வச்சுப் பேச வச்சு எல்லாத்தையும் எழுதிக்கலாம்.

ஜெயந்தினி: அவரு...

ரூபிகா: வர ஏலாதா? நடக்க மாட்டாரா?

ஜெயந்தினி: நடப்பாரு. நல்லா நடப்பாரு. அவரு... கொழும்புல. அண்ணன்கிட்ட.

ரூபிகா: ஓ. சரி, வந்தா சொல்லுங்க. இப்ப ஓட்டிக் காட்டவா? பதினொன்னரைக்கு ஒரு தடவ, மூணு நிமிஷம் மட்டும் ஓட்டுவோம். மிஸ் நீங்களே தொறங்களேன். உங்க அப்பா தொறந்த சக்கரம்.

ஜெயந்தினி: நானா? அவரு இங்க வேலையில இருந்த வரைக்கும் தொட விட்டதே இல்ல.

ஜீவராஜ்: இப்ப அவரு கொழும்புலதானே. தொறங்க.

ஜெயந்தினி: ...ஆமா.

ரூபிகா: ரெண்டு கையாலயும் புடிங்க. நான் அந்தப் பக்கம் சுவிட்சுகிட்ட நிக்கிறேன். சேர், நீங்க மஞ்சக் கோட்டுக்கு இங்கால.

ஜெயந்தினி: கால் சுத்து... சரி. பைப்புல கை வைங்க.

ஜீவராஜ்: நானா?

ஜெயந்தினி: ஆமா. நடுங்குதா?

ஜீவராஜ்: நடுங்குது. இப்ப அடங்குது.

ஜெயந்தினி: அடுத்த கால்.

ஜீவராஜ்: திரும்பவும் நடுங்குது... ம். அடங்கிருச்சு.

ஜெயந்தினி: மூணாவது.

ரூபிகா: மிஸ், இனிமே ஒன்னும் கேக்காது. கத்தினாலும் கேக்காது. நின்னு பாருங்க. நான் கை காட்டுறப்ப மூடலாம்.

ஜெயந்தினி: நாலாவது.

ஜெயந்தினி: அப்பா கொழும்புல இல்ல.

ஜெயந்தினி: எங்கூடத்தான் இருக்காரு. அத்தை சொன்ன பொய்க்கு நான் தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.

ஜெயந்தினி: அவருக்கு நெனவு போயிருச்சு. நான் யாருன்னு ஒரு நாளைக்குத் தெரியும், ஒரு நாளைக்குத் தெரியாது. இந்தச் சக்கரம் மட்டும் மறக்கல. விடியக்காலையில எந்திரிச்சுப் போயி தண்ணி புடிக்கிற பீலிக்கரையில இருக்கிற பைப்பையெல்லாம் தொறந்து விட்டுருவாரு. கால் சுத்து, நிறுத்தி, கை வச்சுப் பாத்து. ஸ்டோருக்கு கரண்டு குடுக்கணும்னு. லயத்துத் தண்ணித் தொட்டி காலியாயிரும். கொடத்தோட வாறவங்க எல்லாம் ஏசுவாங்க. நான்தான் போயி மூடுவேன்.

ஜெயந்தினி: அண்ணன் வயசானவங்க இருக்கிற ஹோம் ஒன்னு பாத்து வச்சிருக்காரு. நான் கல்யாணம் பண்ணிப் போன மறு நாள் அங்க விடுறதுன்னு ஏற்பாடு. அங்க அவரு எந்தப் பைப்பத் தொறப்பாரு?

ஜெயந்தினி: அவர விட்டுட்டு நான் வர மாட்டேன். அவரோடதான் வருவேன்.

ஜெயந்தினி: இன்னொன்னும் இருக்கு. அப்பாவுக்காகத்தான் கல்யாணம் வேணாம்னு பத்து வருஷமாச் சொன்னேன். அது முழுசா நெசமில்ல. யாரும் என்னய வேணாம்னு சொல்ற முன்ன நானே சொல்லிக்கிறதுக்கு அவரு ஒரு வசதி.

ஜெயந்தினி: இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

ரூபிகா: மிஸ்... மிஸ். கை காட்டினேன், நீங்க பாக்கல. மூடலாம். பொட்டுக்குப் பொட்டு. ஆ, அப்பிடித்தான். காது கொஞ்ச நேரம் அடைச்ச மாதிரி இருக்கும், சரியாயிரும். நான் போயி சுவிட்ச அணைச்சிட்டு, ஓட்டின நேரத்த எழுதிட்டு வாறேன்.

ஜீவராஜ்: ...என்னமோ சொன்ன மாதிரி இருந்திச்சே?

ஜெயந்தினி: பெரிய மெஷின்னு சொன்னேன்.

ஜீவராஜ்: அவ்வளவு நேரமாவா?

ஜெயந்தினி: ரொம்பப் பெரிய மெஷின்.

ஜீவராஜ்: ம். பெரிசுதான்.

ஜெயந்தினி: கைய எடுங்க பைப்புல இருந்து. நின்னுருச்சு.

ஜீவராஜ்: ஆமா... இன்னும் நடுங்குற மாதிரியே இருக்கு.

ஜெயந்தினி: போலாமா? மேல பிளேன்டீ முடிஞ்சிருக்கும்.

ஜீவராஜ்: தங்கச்சி, போயிட்டு வாறோம். நல்லாச் சொன்னீங்க.

ரூபிகா: நான் என்னா சேர் சொன்னேன், மிஸ்தான் எல்லாம் சொன்னாங்க. அந்தப் புள்ளி விசயம் மேலிடத்துல சொல்லி போர்ட மாத்தச் சொல்றேன். பேரு வீரய்யான்னுதானே சொன்னீங்க?

ஜெயந்தினி: வீரய்யா. பவர் ஹவுஸ் வீரய்யான்னு போட்டாத்தான் தோட்டத்துல தெரியும்.

ரூபிகா: கியூடெக்ஸ்னு போடவா?

ஜெயந்தினி: போடுங்க. மக போத்தல்னும் போடுங்க.

ஜீவராஜ்: ...ஏறுறது எறங்குறத விடக் கஷ்டம்.

ஜெயந்தினி: மெதுவா வாங்க. ரெண்டு எடத்துல உக்கார கல்லு இருக்கு.

ஜீவராஜ்: உங்க அப்பா தெனமும் ஏறினாரா?

ஜெயந்தினி: ரெண்டு தடவ. மழை நாள்ல நாலு தடவ. குளத்து வாயில ஒரு கம்பி வலை இருக்கும். சருகு வந்து அடைச்சா பங்களாவுல லைட்டு மங்கும். துரை டெலிபோன் எடுக்கிறதுக்குள்ள மேல போயி சருக அள்ளணும். என்னயத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரு தடவ போனாரு. பாட்டுப் பாடிக்கிட்டே.

ஜீவராஜ்: பாடுவாரா?

ஜெயந்தினி: சுதி இருக்காது. பவர் ஹவுஸ்ல அவ்வளவு வருஷம் இருந்தா காது பாதி போயிரும். அவருக்கு அவரு பாடுறதே கேக்காது.

ஜீவராஜ்: ...ரெண்டு காதுமா?

ஜெயந்தினி: ரெண்டும். கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கு மூச்சு வாங்குது, இந்தக் கல்லுல உக்காருவமா?

ஜீவராஜ்: உக்காருவோம். நீங்க இந்தப் பக்கம்... இல்ல, எந்தப் பக்கம்னாலும் சரி.

ஜெயந்தினி: இப்பிடியே இருக்கட்டும்.

ஜீவராஜ்: கடையில ஒரு பழைய சக்கரம் கெடக்கு.

ஜெயந்தினி: என்னா சக்கரம்?

ஜீவராஜ்: வால்வுச் சக்கரம். இரும்பு. ஸ்டோரு ஒன்ன ஒடச்சு வித்தப்ப எடைக்கு வாங்கினேன். எதுக்கு வாங்கினேன்னே தெரியாது. இத விடச் சின்னது. ஒரு ஆளு உக்காந்துக்கிட்டே சுத்தலாம்.

ஜெயந்தினி: சரி?

ஜீவராஜ்: அத ஒரு பலகையில பூட்டி சொவத்துல அடிச்சிரலாம். பின்னால ஃபேன் ரெகுலேட்டர் ஒன்ன மாட்டி, மேல ஒரு பல்பு. கால் சுத்து சுத்தினா பல்பு மங்கலா எரியும். இன்னொரு கால் சுத்தினா இன்னும் கொஞ்சம். நாலாவது கால் சுத்துல நல்ல வெளிச்சம். தண்ணியே வேணாம். ஒரு மணித்தியால வேலை. கியூடெக்ஸ் மட்டும் நீங்க கொண்டாரணும்.

ஜெயந்தினி: எந்தச் சொவத்துல?

ஜீவராஜ்: எங்க வீட்டுல. முன் காம்பராவுல வெயில் விழும். எங்க பைப்பு ஒன்னே ஒன்னுதான், அது எங்க வீட்டுத் தண்ணி. அதையும் தொறந்து விட்டுட்டுப் போகட்டும். ஏச யாரும் இல்ல.

ஜெயந்தினி: ...யாருக்கு இதெல்லாம் சொல்றீங்க?

ஜீவராஜ்: கோவப்படாதீங்க. ஒன்னு மறச்சிட்டேன். கடை போடுறதுக்கு முன்ன பன்னெண்டு வருஷம் ஸ்டோருல வேலை. கொழுந்து அரைக்கிற எடத்துல. ஆறு ரோதை ஒன்னா ஓடும். அதுல இடது காது போயிருச்சு. வலதுல முக்காவாசி கேக்கும். சொல்லாத, பொண்ணு வேணாம்னுரும்னு அக்காதான் சொல்லிச்சு. நானும் சரின்னு இருந்துட்டேன்.

ஜெயந்தினி: அதான் பக்கம் மாறினீங்க.

ஜீவராஜ்: அதான். அங்க யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். ஒதட்டப் பாத்தே பேசுவோம். கண்டாக்கையாவ ஏசுறதெல்லாம் அப்பிடித்தான், அவரு பக்கத்துலயே நிப்பாரு. பழகிப்போச்சு. ஒரு வாயி அசைஞ்சா பாக்காம இருக்க முடியாது... அங்க கீழ நீங்க சொன்னது பூரா எனக்கு வந்திருச்சு. ஒரு சொல்லு விடாம.

ஜெயந்தினி: கடைசியா சொன்னதுமா?

ஜீவராஜ்: அதுவும்தான். யார்கிட்டயும் சொன்னதில்லன்னு நீங்க சொன்னதும். கேக்காதுன்னு நம்பிச் சொன்னத நான் எடுத்துக்கிட்டேன். மூஞ்சியத் திருப்பியிருக்கணும், திருப்பல. அது தப்பு. மேல போயி நீங்க வேணாம்னு சொன்னாலும் சரிதான். காரணம் என் காதுன்னு சொல்லிருங்க, அப்பா பேரு வர வேணாம்.

ஜெயந்தினி: உங்க அக்கா மேல இருந்து எட்டிப் பாக்குது.

ஜீவராஜ்: பாக்கட்டும். அது தூரத்துல இருந்து ஒதடு படிக்காது.

ஜெயந்தினி: பவர் ஹவுஸ்காரர் மக நான். எங்க வீட்டுல அப்பாகிட்ட சத்தம் போட்டுப் பேசினதே இல்ல. முன்னால போயி நின்னு, மூஞ்சியக் காட்டி, ஒதட்ட மட்டும் அசைச்சாப் போதும். கீழயும் அப்பிடித்தான் பேசினேன், தொண்டையில இருந்து சத்தமே எடுக்கல. அது கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

ஜீவராஜ்: ...சத்தமே எடுக்கலயா?

ஜெயந்தினி: இருவத்தி மூணாவது படியிலயே எனக்குத் தெரியும், உங்களுக்கு ஒரு காது இல்லன்னு. வாயப் பாக்குறப்பவே தெரியும், நீங்க ஸ்டோருல இருந்தவர்னு. ரோதை முனின்னு சொன்னப்ப சந்தேகமே இல்ல.

ஜீவராஜ்: அப்ப இந்தா, இந்தக் கல்லுல உக்காந்து சொல்லியிருக்கலாமே. ஏன் அந்தச் சத்தத்துல?

ஜெயந்தினி: இங்க சொன்னா நீங்க உடனே பதில் சொல்லணும். சத்தத்துல சொன்னா, கேக்கலன்னுட்டு மரியாதையாப் போறதுக்கு உங்களுக்கு ஒரு வழி இருக்கும்ல... அதுக்குத்தான் மெஷின ஓட விட்டேன். ஆனா நீங்க போயிறக் கூடாதுன்னும் இருந்திச்சு. அதுக்குத்தான் உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்.